சாம்பல் முகத்துக்கு வருகைப் பதிவு

என் தோல் கறுப்பு. பெண் பார்க்க வரும்போது மாநிறம், புதுநிறம் என்று பூசி மெழுகுகிற கறுப்பு இல்லை, நல்ல கறுப்பு. அதில் எனக்கு ஒரு குறையும் கிடையாது. என் குறையெல்லாம் வெயில் கிரீம் செய்கிறவர்கள் மேல்தான். என்னைப் போல ஒருத்தி வெயிலில் நிற்கிறாள் என்பதே அவர்களுக்குத் தெரியாது போலிருக்கிறது.

நான் ஒரு விதைக் கம்பெனியில் வயல் அலுவலர். வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில், அலுவலகமும் கிட்டங்கியும் ராஜபாளையத்தில், வேலை மம்சாபுரம், வன்னியம்பட்டிப் பக்கத்து வயல்காடுகளில். விதைக்காக மக்காச்சோளம் போட்டிருக்கிறவர்களின் வயலில் இறங்கி, பெண் வரிசைச் செடிகளின் உச்சிப் பூவையெல்லாம் ஒடித்துவிட்டார்களா என்று வரிசை வரிசையாக நடந்து பார்க்க வேண்டும். சில பூக்கள் தப்பினால்கூட அவற்றின் மகரந்தம் கலந்து விதை கெட்டுப்போகும். எனக்கு ரொம்பப் பிடித்த வேலை. ஆள் உயரச் சோளத்துக்குள் போய்விட்டால் வீடும் மறந்துவிடும், அலுவலகமும் மறந்துவிடும்.

போன வருஷக் கோடையில் கன்னத்திலும் கழுத்திலும் தடிப்புத் தடிப்பாகக் கிளம்பியது. அரிப்பு என்றால் அப்படியோர் அரிப்பு. ராஜபாளையத்தில் ஒரு தோல் டாக்டரம்மாவிடம் காட்டினேன். வெயில் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றார்.

“தினமும் சன்ஸ்கிரீன் போடணும். போட்டும் அடங்கலைன்னா வெளி வேலையை விட்டுற வேண்டியதுதாம்மா.”

வெளி வேலையை விட்டால் விதை மூட்டை அடுக்கிய கிட்டங்கிதான். ஜன்னல் இல்லாத இடத்தில் உட்கார்ந்து விதைப் பைகளுக்குச் சீட்டு ஒட்ட வேண்டும். எப்பாடுபட்டாவது கிரீமைப் போட்டு வயலிலேயே இருந்துவிட வேண்டும் என்று முடிவு செய்துகொண்டேன்.

வீட்டுக்காரர் போலீஸ்காரர். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார்.

“ஏட்டி, நமக்கெல்லாம் எதுக்கு வெயில் கிரீமு? நம்ம தோலு எந்த வெயிலையும் தாங்கும்லா. தேரோட்டத்துக்கு நாளெல்லாம் ரோட்டுல நிக்கேன், எனக்கு என்ன ஆச்சு?”

அவரை மட்டும் சொல்லிப் பயனில்லை. வெள்ளைத் தோலைத்தான் வெயில் சுடும், கறுப்பை என்ன செய்துவிடும் என்றுதான் ஊரே நினைக்கிறது. அரிக்கிறது எனக்கு, தீர்ப்பு சொல்கிறது மற்றவர்கள்.

டாக்டரம்மா எழுதிக் கொடுத்த கிரீமை அவரே தன் முழங்கையில் தடவிக் காட்டியிருந்தார். “லேசாத் தேய்ச்சா மறைஞ்சிரும், பாருங்க.” மறைந்துதான் போனது. அவர் நல்ல சிவப்பு. மறுநாள் காலையில் என் முகத்தில் அதைத் தேய்த்தேன், தேய்த்தேன், கை வலிக்கத் தேய்த்தேன். அடுப்புச் சாம்பலில் முகத்தை வைத்து எடுத்த மாதிரி இருந்தது. நாங்கள் கத்தோலிக்கர்கள், வீட்டுக்காரருக்குக் கேலி செய்ய இடம் கிடைத்துவிட்டது.

“என்னட்டி, இன்னைக்குச் சாம்பல் புதனா? ஃபாதர் நெத்தியில மட்டுந்தான போடுவாரு, உனக்கு மொகம் முச்சூடும் பூசிட்டாரா?”

மம்சாபுரத்தில் அதைவிட மோசம். அங்கே ஒரு வயல்காரம்மா, வாயைத் திறந்தால் மூடாதவர், என்னைப் பார்த்ததும் வரப்பிலேயே நின்றுவிட்டார்.

“மேடம், நீங்க வேதக்காரவியன்னுல்லா நெனச்சேன்! துன்னூறு இம்புட்டுப் பூசிருக்கிய?”

கிறிஸ்தவச்சி திருநீறு பூசியிருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். சிரித்து வைத்தேன். உள்ளுக்குள் எரிந்தது. வேர்க்க ஆரம்பித்ததும் அந்தச் சாம்பல் கோடு கோடாக வடிந்து, மத்தியானத்துக்குள் முகம் வெள்ளையடித்துப் பாதியில் விட்ட சுவராகிவிட்டது.

ராஜபாளையத்தில் ஒரு மருந்துக்கடையில் போய்க் கேட்டேன். “தம்பி, கறுத்த தோலுக்குன்னு ஒரு சன்ஸ்கிரீன் வேணும்.” தம்பிக்குச் சட்டென்று புரிந்துவிட்டது, அதாவது தப்பாகப் புரிந்துவிட்டது. பளபளவென்று ஒரு டப்பாவை எடுத்து வைத்தான்.

“இதைப் போடுங்கக்கா, ஒரே மாசத்துல வெளுத்துருவிய.”

“நான் வெளுக்கணும்னு கேக்கலை. வெள்ளையாத் தெரியக் கூடாதுன்னு கேக்கேன்.”

அவன் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. இப்படிக் கேட்டு ஒரு பொம்பளை அவன் கடைக்கு வந்ததே இல்லை போலும். ஸ்ரீவில்லிபுத்தூரில் இன்னொரு கடையில் கேட்டபோதும் வேறு பெயரில் அதே மாதிரி டப்பாதான் வந்தது. டப்பாவை அங்கேயே வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். வண்டியை எடுக்கும்போது அழுகை முட்டியது. ஆன்லைனில், இந்தியத் தோலுக்கென்றே நிறம் சேர்த்தது என்று போட்டிருந்ததை வரவழைத்தேன். சந்தன நிறத்தில் வந்தது. அவர்களுடைய இந்தியாவில் ராஜபாளையம் இல்லை.

இதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. கம்பெனி எங்கள் வருகைப் பதிவைச் செல்போனுக்கு மாற்றியது. வயலுக்குப் போனதும் போனை முகத்துக்கு நேரே பிடிக்க வேண்டும். கம்பெனியில் இருக்கிற படமும் முகமும் ஒத்துப்போனால்தான் வருகை. கிரீம் போட்ட முகத்தைக் காட்டினால் ‘முகம் பொருந்தவில்லை’ என்றது. வரப்பில் நின்று துப்பட்டாவால் அழுத்தித் துடைத்தால் உடனே பொருந்தியது. கொதிக்கிற வெயிலில் துடைத்த முகத்தோடு நின்று, திரும்பக் கிரீமைப் பூசிக்கொண்டு சோளத்துக்குள் போவேன். துடைத்துத் துடைத்துத் தடிப்பு இன்னும் சிவந்ததுதான் மிச்சம்.

ராஜபாளையம் மேலாளரிடம் போய் முறையிட்டேன். அவர் ஒரு வழி சொன்னார்.

“கிரீமோடயே புதுப் படம் எடுத்து ஏத்திருவோம்மா. பொறவு தொல்லையே இருக்காது.”

புத்திசாலித்தனமாகத்தான் பட்டது. கிரீமை நன்றாக அப்பிக்கொண்டு படம் எடுத்துக்கொண்டேன். பார்க்கச் சகிக்கவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து போன் முரண்டு பிடிக்கவில்லை, துடைக்கிற வேலை இல்லை, தடிப்பும் மெல்ல அடங்கியது. வயல் வேலை தப்பியது. சாம்பல் மூஞ்சியோடு எத்தனையோ பேரிடம் துன்னூறு விளக்கம் சொல்லிக்கொண்டு நடமாடினேன்.

போன மாதம் டாக்டரம்மா ஒரு புது சன்ஸ்கிரீனை எடுத்துக் கொடுத்தார். தண்ணீர் மாதிரி நிறமே இல்லாத ஜெல். நம்பிக்கையில்லாமல்தான் தடவினேன். கண்ணாடியைப் பார்த்தால் அதைக் காணோம். என் முகம் மட்டும், என் கறுப்போடு, என் மினுமினுப்போடு இருந்தது. எவ்வளவு நாளாயிற்று! கண்ணாடிக்கு முன்னால் நின்று சிரித்துக்கொண்டேன். மம்சாபுரத்து வயல்காரம்மாகூடப் பாராட்டினார்.

“இன்னைக்குத்தான் மேடம் பாக்க லெச்சணமா இருக்கிய.”

அந்தச் சந்தோஷத்தோடு போனைத் தூக்கிப் பிடித்தேன். ‘முகம் பொருந்தவில்லை.’ திரும்பப் பிடித்தேன். நிழலில் நின்று பிடித்தேன், வெயிலில் நின்று பிடித்தேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தேன். பொருந்தவில்லை. மேலாளரைக் கூப்பிட்டேன்.

“படத்தை ஒரு தடவைதாம்மா மாத்த முடியும். இனி மாத்தணும்னா சென்னைக்கு எழுதிப் போடணும், அது எப்ப வருமோ. அதுவரைக்கும் பழைய கிரீமையே போட்டுக்கோங்களேன்.”

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தப் போனைக் கிணற்றில் வீசியிருப்பேன். வீசவில்லை. வண்டிப் பெட்டியிலிருந்து பழைய கிரீமை எடுத்து, வண்டிக் கண்ணாடியில் பார்த்துப் பார்த்து, அந்த நல்ல முகத்தின் மேல் சாம்பலை அப்பினேன். வயல்காரம்மா இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“ஏன் மேடம், நல்லா இருந்த மொகத்தைப் போயி இப்படிப் பாழாக்குதிய?”

போனைத் தூக்கினேன். ‘வருகை பதிவானது’ என்றது. இப்போதெல்லாம் தினமும் வயலுக்கு அந்தச் சாம்பல்காரிதான் வருகிறாள். என் முகத்தோடு நான் வந்தால் எனக்கு ஆப்சென்ட்.