கடைசிப் பத்தொன்பது பக்கம் தேடி உடுப்பிட்டிக்கு

அன்று உடுப்பிட்டியில் இருந்தவர்கள்:

இரத்தினம். வீடு அவருடையது. ரேடியோ திருத்துபவர்.

தவராசா. நீர்வேலி. வாழைத் தோட்டம்.

ரஞ்சினி. கோப்பாய். தபால் கந்தோரில் வேலை. எங்களில் இங்கிலிஷ் புத்தகம் வாசிக்கக்கூடியவள் அவள் ஒருத்திதான்.

குலசேகரம் மாஸ்டர். உடுப்பிட்டி. ரியூட்டரியில் கணக்குப் படிப்பிக்கிறவர். அன்றுதான் முதல் தடவை வந்தார்.

நான். சூசைதாசன். குருநகர். ஐந்தாம் வகுப்பு. கடல் தொழில்.

ஏன் போனோம் என்பதை முதலில் சொல்ல வேண்டும். மாஸ்டரைத் தவிர மற்ற நாலு பேரும் விஞ்ஞானக் கதைப் பைத்தியம். கரண்ட் இருந்த காலத்தில் தியேட்டரிலும் டி.வி.யிலும் பார்த்தோம். தொண்ணூறில் கரண்ட் போனது. பிறகு புத்தகம்தான். என் மைத்துனன் கப்பலில் வேலை செய்தவன். அவன் விட்டுப்போன இங்கிலிஷ் புத்தகம் ஒன்று என்னிடம் இருந்தது. மட்டையில் ஒரு கப்பல், சுற்றிவர நட்சத்திரம். முந்நூற்று எண்பத்தொரு பக்கம்.

ரஞ்சினி வாசித்துப் பார்த்துச் சொன்ன கதை இது. ஒரு கப்பல் பூமியை விட்டு வேறொரு நட்சத்திரத்துக்குப் போகிறது. போய்ச் சேர இருநூறு வருஷம். ஏறினவன் இறங்க மாட்டான். அவனுடைய பேரனின் பேரன் இறங்குவான். அவ்வளவு கேட்டதும் எங்களுக்குப் போதும்.

ஒரு புத்தகம் ஒரு வீட்டில் இருந்தால் ஒரு குண்டோடு போய்விடும். ஆகவே வெட்டினோம். மீன் வெட்டுகிற கத்தியால் நான்தான் வெட்டினேன். ஒவ்வொரு பங்கையும் வலை நூலால் தைத்தேன். முதலாம் பங்கு இரத்தினத்திடம், இரண்டாவது தவராசாவிடம், மூன்றாவது ரஞ்சினியிடம். அவள் ஒவ்வொன்றாக வாங்கித் தமிழில் கொப்பியில் எழுதுவாள். கொப்பி கை மாறி நாலு வீட்டுக்கும் போகும்.

கடைசி அத்தியாயம் பத்தொன்பது பக்கம். அது என்னிடம் வந்தது. முடிவை ஒருவரும் களவாகப் பார்க்கக் கூடாது என்பது எங்கள் சட்டம். எனக்கு இங்கிலிஷ் தெரியாது. "சூசையிட்டைக் குடுத்தால் பூட்டுத் தேவையில்லை" என்றான் தவராசா. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அது மரியாதையா இல்லையா என்று யோசித்ததுண்டு. ஆனால் வைத்துக் காத்தேன்.

பிஸ்கற் ரின்னில் போட்டுக் குசினியில் அடுப்புக்கு மேல் தட்டில் வைத்திருந்தேன். சித்திரை மாதம் கடல் பக்கமிருந்து வந்த ஷெல் ஒன்று குசினியில் விழுந்தது. நாங்கள் பங்கருக்குள். ஆட்களுக்கு ஒன்றுமில்லை. ரின் தட்டையாகக் கிடந்தது. உள்ளே கரி.

உயிர் தப்பியதே பெரிது என்று என் மனிசி சொன்னாள். சரிதான். ஆனால் என்னை நம்பித் தந்தது. அந்த நேரம் ரஞ்சினி மூன்றாம் பங்கு எழுதி முடித்திருந்தாள். நாலு பேரும் வாசித்து, கப்பல் என்ன ஆனது என்று தெரியாமல் நின்றோம். மூன்று மாதம் நான் ஒருவர் முகத்தையும் பார்க்கவில்லை.

அப்போது இரத்தினம் ஆள் அனுப்பினார். தங்கள் ஊர் குலசேகரம் மாஸ்டர் இதே மட்டைப் புத்தகத்தைக் கொழும்பில் இருந்தபோது முழுதாக வாசித்தவராம். முடிவைச் சொல்லச் சம்மதித்திருக்கிறாராம்.

இனிப் பயணம். 1993 ஆவணி. ஒரு ஞாயிறு.

காலை 6.15. முதல் பூசை கண்டுவிட்டு வெளிக்கிட்டேன். சைக்கிளின் பின் டயர் இரண்டு இடத்தில் முன்பே வெடித்தது. நைலோன் நூலால் தைத்திருந்தேன். மிதிக்கும்போது சுற்றுக்கு இரண்டு தரம் தூக்கிப் போடும். பழகிவிட்டது.

7.10. கோப்பாய்ச் சந்தி. ஐந்து மைல். ரஞ்சினி சைக்கிளோடு நின்றாள். பையில் மூன்று கொப்பிகள். வெறுங்கொப்பி ஒன்றும் வைத்திருந்தாள், மாஸ்டர் சொல்லச் சொல்ல எழுத. நான் குனிந்து டயரைத் தடவினேன். "அண்ணை, ஷெல் என்ன உங்களைக் கேட்டுட்டே வந்தது?" என்றாள். பிறகு முன்னால் மிதித்தாள்.

7.35. நீர்வேலி. இன்னும் இரண்டு மைல். ரோட்டுக்கு இரண்டு பக்கமும் வாழை. தவராசா ஒரு கதலிக் குலையைப் பின் கரியரில் கட்டிக்கொண்டு வந்தான். தண்ணீர் இறைக்கிற பம்புக்கு மண்ணெண்ணெய் இல்லை, மூன்று மாதமாகப் பனையோலைப் பட்டையால் இறைப்பு. கை இரண்டும் காய்த்திருந்தது. குலை மட்டும் நன்றாகத்தான் இருந்தது.

9.00. புத்தூர் தாண்டி அச்சுவேலி. ஐந்து மைல். தேத்தண்ணிக் கடை. வெறுந்தேத்தண்ணி நாலு ரூபா. பனங்கட்டித் துண்டு இரண்டு ரூபா. மூன்று ஊர் ஆட்கள் ஒன்றாய் வந்ததைப் பார்த்துவிட்டுக் கடைக்காரர், எங்கே செத்த வீடோ என்று கேட்டார். இல்லை, ஒரு கதைப் புத்தகத்தின் முடிவு கேட்கப் போகிறோம் என்றாள் ரஞ்சினி.

"அதுக்கோ வல்லை கடக்கிறியள்?"

"ஓம்" என்றேன்.

தேத்தண்ணிக்குக் காசு வாங்கினார். பனங்கட்டிக்கு வாங்கவில்லை.

9.40. வல்லை வெளி. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இரண்டு மைலுக்கு மேல் வெறும் வெளி. உப்புத் தரை, நடுவில் பாலம், மரம் கிடையாது. பலாலி இராணுவ முகாம் கிட்ட. சோளகக் காற்று பின்னால் தள்ளியது. மிதிக்காமலே சைக்கிள் ஓடியது. கடலில் பாய் விரித்த மாதிரி. பாதி வெளியில் ஹெலிச் சத்தம் கேட்டது.

இறங்கி ரோட்டோரப் பள்ளத்தில் கிடந்தோம். ஹெலி இரண்டு சுற்றுச் சுற்றியது. ரஞ்சினி கொப்பிகளை வயிற்றுக்குக் கீழே வைத்துக் கிடந்தாள். தவராசா குலைக்கு மேலே கிடந்தான்.

"உந்தக் கதைக் கப்பலிலை இந்தக் கரைச்சல் இல்லை" என்றான். "விழுந்து படுக்கிறதெண்டாலும் கீழ்ப்பக்கம் எதெண்டு தெரியாது."

ஹெலி போய்விட்டது. எழும்பி உடுப்பைத் தட்டினோம். திரும்பிப் போவதா என்று ஒருவரும் கேட்கவில்லை.

10.30. உடுப்பிட்டி. அச்சுவேலியிலிருந்து ஐந்து மைல். மொத்தம் பதினேழு.

இரத்தினம் வீட்டில் எல்லாருக்கும் ஒரே மாதிரிக் கோப்பையில் மோர். இதையும் எழுத வேண்டியிருக்கிறது. எல்லா வீட்டிலும் அப்படி இல்லை. தவராசாவின் குலையில் நசிந்த பழத்தைக் கிண்ணத்தில் போட்டுச் சாப்பிட்டோம்.

எங்கள் கூட்டம் ஒரு படத்தோடுதான் தொடங்கும். படம் என்றால் சத்தம் மட்டும். எண்பத்தெட்டில் டி.வி.யில் போன ஒரு படத்தின் சத்தத்தை இரத்தினம் கசற்றில் பிடித்து வைத்திருந்தார். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி டைனமோவிலிருந்து வயர் இழுத்து ரேடியோவுக்குக் கொடுப்பார். ஒருவர் பெடலைக் கையால் சுற்ற வேண்டும். சுற்றுகிறவர் களைத்தால் விண்வெளி வீரன் கிழவன் மாதிரிக் கதைப்பான். அன்று தவராசா சுற்றினான். பட்டை இறைத்த கை. வீரன் கடைசிவரை இளந்தாரியாகவே இருந்தான்.

பிறகு ஆளுக்கொன்று, தனக்குப் பிடித்ததைச் சொல்ல வேண்டும். இரத்தினம், தோட்டத்தில் கூலிக்கு நின்ற இரும்பு மனிதனின் கதையைச் சொன்னார். ரஞ்சினி, நாளைக்கு வர வேண்டிய கடிதங்கள் இன்றைக்கே வந்து சேர்ந்த ஊரின் கதை. அப்படி ஒரு ஊரில் தனக்கு இடமாற்றம் வேண்டும் என்றாள். மாஸ்டர் சிரிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். நாற்காலியில் இருந்தவர் அவர் மட்டும்.

12.00. மாஸ்டர் தொடங்கினார். ரஞ்சினி வெறுங்கொப்பியைத் திறந்தாள்.

நன்றாகச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். கப்பலின் தலைவி ஒருநாள் கூட்டம் கூட்டுகிறாள். போக வேண்டாம், திரும்புவோம் என்கிறாள். கப்பலைத் திருப்புகிறார்கள். பல வருஷம். ஒருநாள் கண்ணாடியில் ஒரு நீலப் புள்ளி தெரிகிறது. கடலையே காணாத பிள்ளைகள் கரையில் இறங்கிக் காலை நனைக்கிறார்கள். முடிந்தது.

ரஞ்சினி எழுதுவதை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்கும் பிடித்தது. பிடித்ததுதான் கரைச்சல். அதைக் கொண்டுபோனால் என் கடன் தீரும். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"மாஸ்டர், ஒண்டு கேக்கட்டோ?"

"கேளும்."

"எந்த எஞ்சினாலை திருப்பினவை?"

"கப்பலின்ரை எஞ்சினாலைதான். வேறை எதாலை?"

மூன்றாம் பங்கில் முன் எஞ்சினில் நெருப்புப் பிடிக்கிறது. தலைவி அதை வெட்டி எறியச் சொல்கிறாள். கப்பலைத் திருப்புவதும் அதுதான், நிறுத்துவதும் அதுதான். அது இல்லாமல் கப்பல் எப்படி நிற்கப் போகிறது என்று அறியத்தான் நாங்கள் பதினேழு மைல் வந்தோம். இதைச் சொன்னேன்.

மாஸ்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உமக்கு இங்கிலிஷ் தெரியுமோ?"

"தெரியாது."

"பிறகென்ன தெரியும்?"

"கடல் தெரியும்" என்றேன். "எஞ்சின் இல்லாத வள்ளம் தானாய்த் திரும்பாது. நீங்கள் இதை வாசிக்கேல்லை மாஸ்டர்."

இரத்தினம் நிலத்தைப் பார்த்தார். மாஸ்டர் அவருடைய ஊர் மனிதர், மரியாதைக்காரர். இரத்தினத்தின் வீட்டில் வைத்து நான் அப்படிச் சொன்னேன். எழும்பிப் போகச் சொன்னால் போயிருப்பேன். சொன்னதை மட்டும் திருப்பி எடுத்திருக்க மாட்டேன்.

மாஸ்டர் நாற்காலியை விட்டிறங்கிப் பாயில் எங்களோடு இருந்தார்.

"இருநூற்றுப் பதினோராம் பக்கம்" என்றார். "மூலையை மடிச்சு வைச்சனான். கீழை சத்தம் கேட்டது. பின்பக்கத்தாலை ஓடினனான்."

எண்பத்து மூன்று ஆடிக் கலவரம். கொழும்பு. மாடி அறை. மேசையில் புத்தகம். அகதி முகாமில் பதினொரு நாள் இருந்துவிட்டுக் கப்பலில் காங்கேசன்துறையில் வந்து இறங்கினாராம். மிச்சத்தை வாசிக்கவில்லை என்று பத்து வருஷமாக ஒருவரிடமும் சொல்லவில்லையாம். பாதியில் விட்டுவிட்டு ஓடி வந்தவன் என்று சொல்ல மனம் வரவில்லை என்றார்.

அவர் சொன்ன முடிவு எந்தக் கப்பலில் வைத்து உண்டானது என்று எனக்கு விளங்கியது.

ரஞ்சினி கொப்பிகளை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். "இருநூற்றுப் பன்ரண்டு ரெண்டாம் கொப்பியிலை இருக்கு. கோடு கீறி விடுறன்."

அவர் கொப்பியைத் தொட்டார். திறக்கவில்லை.

தவராசாதான் கேட்டான். "அப்ப கப்பல் நிக்கவே நிக்காதோ?"

"நிக்கும்" என்றேன். எஞ்சின் நின்று, வள்ளம் அள்ளுண்டு போனால் நாங்கள் வலையை விரித்து இழுபட விடுவோம். வலை பிடித்து இழுக்கும். வள்ளம் அடங்கும். அதைச் சொன்னேன்.

"அங்கை தண்ணி இல்லையே அண்ணை" என்றாள் ரஞ்சினி.

"வெளிச்சம் இருக்குத்தானே. வெளிச்சமும் தள்ளும் எண்டு முதலாம் கொப்பியிலை நீதானே எழுதினனீ. நட்சத்திரத்துக்குக் கிட்டப் போகப் போக வெளிச்சம் எதிர்த்துத் தள்ளும். முன்னாலை விரிச்சால் பிடிக்கும்."

மாஸ்டர் பென்சில் கேட்டார். கசற் மட்டையின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். கனக்கப் போட்டார். அவர் முகம் மாறிவிட்டது. கடைசியில் தலையை ஆட்டினார். யாழ்ப்பாணத்தை முழுதாக மூடுகிற வலை போட்டாலும் காணாது, இலங்கையை மூடினாலும் காணாது என்றார். ஒரு புடவை நூலிலும் பார்க்க மெல்லிசாக இருக்க வேண்டுமாம்.

"ஆர் பின்னுறது அவ்வளவு வலையை?" என்றார்.

"இருநூறு வருஷம் கிடக்கு" என்றேன். "பின்னுவம்."

அதோடு முடிவானது. யாரிடமும் முடிவு கேட்டுத் திரிவதில்லை. ஷெல் எரித்ததை நாங்களே எழுதுவது. முந்நூற்று அறுபத்து மூன்று முதல் முந்நூற்று எண்பத்தொன்று வரை, அதே பக்கக் கணக்கில். ரஞ்சினிக்கு முதல் நாலு. இரத்தினத்துக்கு நாலு. தவராசாவுக்கு நாலு. மாஸ்டருக்கு மூன்று, அவருக்கு வாசிக்கவே நூற்றைம்பது பக்கம் இருக்கிறது. கடைசிப் பக்கங்கள் எனக்கு. நான் மறுத்தேன். பெயரும் முகவரியும் தவிர நான் எழுதியது குறைவு.

"கடைசி உங்களிட்டைத்தான் இருந்தது" என்றாள் ரஞ்சினி. "உங்களிட்டைத்தான் இருக்கும்."

வெறுங்கொப்பியிலிருந்து தாள் கிழித்து எல்லாருக்கும் தந்தாள். என் தாள்களைப் போட்டுத் தந்த பழைய மாவுப் பையை நான் சுருட்டி மடியில் கட்டினேன்.

3.00. வெளிக்கிட்டோம். வாசல் படலை வரை மாஸ்டர் வந்தார். "சூசைதாசன், வலையின்ரை கண் என்ன அளவு எண்டு எழுதி அனுப்புங்கோ" என்றார். மத்தியானம் 'கேளும்' என்றவர்.

வல்லை வெளியில் காற்று இப்போது எதிர்க்காற்று. மிதித்தால் சைக்கிள் பின்னுக்குப் போனது. இறங்கி உருட்டினோம். இரண்டு மைலுக்கு ஒரு மணித்தியாலம். தலைகுனிந்து நடந்தால் காற்று உடுப்பைப் பிடித்து நிறுத்தப் பார்த்தது. அதையும் கவனித்துக்கொண்டேன், எழுத உதவும்.

நீர்வேலியில் தவராசா நின்றான். கோப்பாயில் ரஞ்சினி நின்றாள்.

7.10. குருநகர். எங்கள் கரையில் வள்ளங்கள் கவிழ்த்துக் கிடந்தன. தூரக் கடலுக்குப் போகத் தடை. கண்ணுக்குத் தெரிகிற தூரம் மட்டும் போய் வருகிறோம். காலையில் இதைப் பார்த்துக்கொண்டுதான் போனேன். மாலையில் அதே கரை. நான் நினைத்தது வேறு. வலை இருக்கிறது, நூல் இருக்கிறது, கை இருக்கிறது.

ஜாம் போத்தல் விளக்கைக் கொளுத்தி, மாவுப் பையை அவிழ்த்துத் தாளை எடுத்தேன். குசினிச் சுவர் இன்னும் கட்டவில்லை. காற்றுக்குத் தாள் பறந்தது. நாலு மூலையிலும் வலை ஈயம் வைத்தேன். மனிசி என்ன எழுதப் போகிறீர்கள் என்று கேட்டாள். ஒரு கப்பலை நிறுத்த வேண்டும் என்றேன். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் இலக்கம் போட்டேன். 378. 379. 380. 381.

நாலு பக்கம்.