முதுகுக்குப் பின்னால் சூப்பர்வைசர்

டிரம்ஸ் வாசித்தவன் நான்தான்; ஆனால் எங்கள் ராக் குழுவைத் தூக்கிவிட்டது என் பயம். இதைச் சொன்னால் ஊரில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

எண்பதுகளின் கடைசியில் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லராக இருந்தேன். முதலாளியின் மகன் என் வயதுக்காரன். காலேஜில் இங்கிலீஷ் பாட்டுப் பைத்தியம் பிடித்து வந்தவன், சர்ச்சில் கிட்டார் வாசித்த ஒருவரையும், கல்யாணங்களில் டிரம்ஸ் தட்டிக்கொண்டிருந்த என்னையும் சேர்த்துக்கொண்டான். குடோனில் பனியன் மூட்டைகளுக்கு நடுவே ஒத்திகை. குழு நிலைத்துவிட்டால் தையல் மெஷினை விட்டு எழுந்துவிடலாம். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

முதல் கச்சேரி ஊத்துக்குளியில், முதலாளியின் சொந்தக்காரர் கல்யாணத்தில். பாட்டு எடுபடவில்லை, ஜனங்கள் பந்திக்கு எழுந்தார்கள். கல்யாணத்துக்கு வந்திருந்த எங்கள் சூப்பர்வைசர், கழன்ற மைக் ஒயரைச் சொருக மேடையேறி, அப்படியே என் பின்னால் நின்றுவிட்டார்.

ஷிப்மென்ட் நாளில் கம்பெனியில் அவர் அப்படித்தான் நிற்பார். மூச்சு பின்கழுத்தில் படும். “மிதி கண்ணு, லாரி நிக்குது” என்பார். கால் தானாகப் பெடலை அழுத்தும். மேடையில் டிரம்ஸின் பெடலையும் அழுத்தியது. மெஷின் என்றே நினைத்துக்கொண்டது என் வலது கால். பாட்டு தலைதெறிக்க ஓடியது. பந்தியில் உட்கார்ந்தவர்கள் எச்சில் கையோடு வந்து ஆடினார்கள்.

பாட்டும் கெட்டது, வேலையும் போயிற்று என்று நினைத்தேன். முதலாளி மகனோ கட்டிப்பிடித்துக்கொண்டான்.

அதற்குப் பிறகு எல்லா மேடையிலும் சூப்பர்வைசர் என் முதுகுக்குப் பின்னால் கைகட்டி நின்றார். இவர் எப்போது வாசிப்பார் என்று ஜனங்கள் காத்திருந்தார்கள். ஈரோடு, பொள்ளாச்சி என்று எங்கள் பேர் பரவியது. ஒவ்வொரு மேடைக்கு முன்னாலும் எனக்குப் பேதி.

“ஏனுங்க, கொஞ்சம் தள்ளி நில்லுங்க” என்று கெஞ்சினேன்.

“நான் என்ன பண்ணட்டும் கண்ணு? சின்ன மொதலாளி நிக்கச் சொல்றாரு.”

கோயமுத்தூரில் ஒரு போட்டி வந்தது. ஜெயித்தால் பெங்களூர் ஓட்டலில் மாதச் சம்பளத்துக்கு வாசிக்கலாம். அதற்கு முந்தைய வாரம் சூப்பர்வைசர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார்.

அன்று என் பின்னால் யாருமில்லை. முதல் முறையாகப் பாட்டைக் காதில் வாங்கி வாசித்தேன். நிதானமாக இருந்தது. நன்றாகக்கூட இருந்தது. கூட்டம் கொட்டாவி விட்டது.

பாடிக்கொண்டிருந்த முதலாளி மகன் திரும்பிப் பார்த்தான். அவன் அப்பா மெஷின் வரிசையைப் பார்க்கிற அதே பார்வை. என் கால் மிதித்தது.

ஜெயித்தோம். நான் மெஷினை விட்டு எழுந்தும் விட்டேன். அன்று எல்லோரும் சாப்பிடப் போனபோது அவன் என் தோளைத் தட்டி, “உக்காரு மாப்ள. இனி அவரெதுக்கு? நாந் திரும்பிப் பாத்தாப் போதுமல்லொ” என்று சிரித்தான்.

அவன் உட்காரும் வரை நான் நின்றுகொண்டே இருந்தேன்.