ஆப்பில் ஏறாத படிப்பு

பரளச்சியில் எங்கள் வீட்டில் சிக்னல் கிடைக்காது. அதனால் ஆடியில் கல்லூரி திறந்தது முதல், தோழி கல்லூரி ஆப்பிலிருந்து இறக்கி வைத்த வீடியோ பாடங்களை பஸ்ஸிலேயே தன் போனுக்கு மாற்றிக்கொண்டு வந்து படித்தாள் என் மகள். படித்ததைத் தோழிக்கும் சொல்லிக்கொடுத்தாள். ஐப்பசியில் அகமதிப்பீடு வந்தது. அவளுக்குப் பூஜ்யம். கல்லூரிக்கு நானும் போனேன்.

“ஆப்புக்குள்ள போய்ப் பாத்தாத்தாம்மா கணக்கு. நீ ஒண்ணுகூடப் பாக்கலையே,” என்றார் பேராசிரியர்.

“எல்லாம் படிச்சிட்டேன் சார். எதுல வேணாலும் கேளுங்க.”

“நான் கேட்டு என்ன செய்ய? மார்க்கு போடுறது ஆப்புல்ல?”

வெளியே வந்ததும் மகள் சொன்னாள்: “சொல்லிக்குடுத்த எனக்கு முட்டை, கேட்டுக்கிட்ட அவளுக்கு முழுசு. நல்லாருக்குப்பா!”

இப்போது ஞாயிறுதோறும் அவள் போனை நான் சிக்னல் கிடைக்கும் பாளையம்பட்டி டீக்கடைக்கு எடுத்துப் போகிறேன். அவள் எப்போதோ படித்து முடித்த பாடங்களை ஆப்புக்குள் சத்தமில்லாமல் ஓடவிட்டு, டீ குடிக்கிறேன். தையில் வந்த அடுத்த மதிப்பீட்டில் அவளுக்கு முழு மதிப்பெண்.