அப்பா தரைக்குப் பூசிய ஷேடு

ஆம்பூரில் எங்கள் தெருவில் எல்லா வீட்டுக்கும் டைல்ஸ் வந்துவிட்ட பிறகும் எங்கள் கூடத்தில் மட்டும் சிவப்பு சிமெண்ட் தரைதான். அம்மாவுக்கு அது பெரிய குறை, அப்பாவுக்குப் பெரிய பெருமை. கையால் தேய்த்து மெருகேற்றிய தரை, முகம் பார்க்கலாம் என்பார். நான் குப்புறப் படுத்துப் பலமுறை பார்த்திருக்கிறேன். மூக்கு மட்டும் தெரியும்.

அந்தத் தரை நடுவில் விரிசல் விட்டிருந்த சமயத்தில்தான் சித்தியைப் பெண் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். சித்தி அம்மாவின் தங்கை. எங்களோடு தங்கி, ஷூ கம்பெனியில் தையல் பிரிவுக்குப் போய்வந்தாள். மாப்பிள்ளைக்கும் அதே கம்பெனி, பேக்கிங் செக்‌ஷன். "அவ்ளோ பெரிய கம்பெனில யாரு கண்டா, நான் பாத்ததே இல்ல" என்றாள். முன்பு வந்த வரன்கள் தட்டிப்போனபோதெல்லாம் கவலைப்படாமல் மிச்ச பஜ்ஜியைத் தின்றவள், இந்த முறை சோற்றைப் பிசைந்துவிட்டுச் சாப்பிடாமல் எழுந்தாள். எனக்கு அது புதிராக இருந்தது. இந்த இடமாவது அமையவேண்டுமே என்று அம்மா சாமி படத்தின் முன்னால் நின்றாள்.

மேஸ்திரியைக் கூப்பிடலாம் என்ற அம்மாவின் பேச்சை அப்பா காதில் போட்டுக்கொள்ளவில்லை. விரிசலைத் தானே கொத்தி, சிமெண்டில் ரெட் ஆக்சைடு பொடியைக் குழைத்து அடைத்தார். ஈரச் சாக்கு போட்டுப் பதமாக இறுகவிட்டு, கல்லால் தேய்த்தார். வேலை சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் பழைய தரை மங்கிய செங்கல் நிறம், அடைத்த இடமோ புது மிளகாய்ப்பொடி நிறம். கூடத்தின் நடுவே நீளமாக ஒரு தழும்பு விழுந்துவிட்டது.

அப்பாவுக்கு ரோஷம் வந்தது. அவர் தோல் ஃபேக்டரியில் ஃபினிஷிங் சூப்பர்வைசர். தோலுக்கு வண்ணம் ஏற்றி, கேட்ட ஷேடுக்குக் கொண்டுவருவதுதான் அவர் தொழில். "மாட்டுத் தோலையே மேட்ச் பண்றேன், இந்தத் தரை இன்னா பெரிய தரை?" என்று, தோலுக்குப் பூசும் வண்ணத்தையும் மெழுகையும் கொண்டுவந்து, கூடம் முழுக்கப் பஞ்சால் ஒற்றி ஒற்றிப் பூசினார். தழும்பு இருந்த இடமே தெரியவில்லை. காய்ந்ததும் ஒரு வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்து என் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டினார். துணி வெள்ளையாகவே இருந்தது. தோலில் சாயம் பிடித்திருக்கிறதா என்று ஃபேக்டரியில் அப்படித்தான் பார்ப்பார்களாம். ஈரத்துணியாலும் தேய்த்துப் பார்க்கவேண்டும் என்பது அந்த அவசரத்தில் அவருக்குத் தோன்றவில்லை. மெருகேறிய சிமெண்ட் தோலைப்போல வண்ணத்தைக் குடிக்காது என்பதும் தோன்றவில்லை.

ஈரச் சோதனையைச் செய்தவள் சித்தி. அவர்கள் வருவதற்கு முதல் நாள் சாயங்காலம், குளித்துவிட்டு ஈரக்காலோடு கூடத்தைக் கடந்து வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். உள்ளங்கால் இரண்டும் சிவப்பு. நாங்கள் இருவரும் அதையே பார்த்தோம்.

"உங்கப்பாகிட்ட சொல்லிடாதடி. மறுபடியும் தரையக் கொத்த ஆரம்பிச்சிடுவாரு."

பிறகு செல்போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். இறங்கி வந்ததும் இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டாள்.

மறுநாள் அம்மா ஜமக்காளத்தை விரித்தாள். அப்பா அதைச் சுருட்டி உள்ளே வைத்தார். "தரைய மூடி வெக்கிறதுக்கா இவ்ளோ பாடுபட்டேன்?" என்றார். வந்தவர்கள் வாசல் குழாயில் கால் கழுவிக்கொண்டு, ஈரம் சொட்டச் சொட்டக் கூடத்தில் ஏறினார்கள். மாப்பிள்ளையின் அம்மா கட்டியிருந்தது சந்தன நிறப் பட்டு. எனக்குச் சித்தியின் சிவந்த உள்ளங்கால் நினைவுக்கு வந்தது. அவர் உட்காரப் போகும் நேரத்தில் மாப்பிள்ளை முன்னால் வந்து, பையிலிருந்து காப்பி நிறத்தில் ஒரு தடித்த போர்வையை எடுத்து உதறி விரித்தார்.

"அம்மாவுக்கு முட்டி வலி சார். வெறுந்தரை ஆவாது."

எல்லோரும் அதன்மேல் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். அப்பாவின் முகம் சுருங்கியது. "இந்த மாதிரி தரைய எங்கியும் பாத்ததில்ல சார்" என்று மாப்பிள்ளை சொன்னதும் மலர்ந்தது. மாப்பிள்ளையின் பெரியப்பா மட்டும் இடமில்லாமல் வெள்ளை வேட்டியோடு ஈரத் தரையில் உட்கார்ந்தார். எழுந்தபோது பின்னால் வட்டமாக ஒரு சிவப்பு. மாப்பிள்ளை அவரை வேன் வரைக்கும் பின்னால் ஒட்டி நடந்தே கொண்டுபோய் ஏற்றினார். போகுமுன் அங்கேயே சம்மதம் சொல்லிவிட்டார்கள்.

அதன் பிறகு அம்மா தரையைத் துடைத்தாள். வாளித் தண்ணீர் சிவந்தது, தழும்பு வெளியே வந்தது. "ஈரத்துக்கு நிக்கல" என்று அப்பா மெதுவாகச் சொன்னார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

போர்வையை விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். சித்தி அதை மடித்துக்கொண்டிருந்தபோது, மாப்பிள்ளை ஏன் போர்வையோடு வந்தார் என்று கேட்டேன்.

"பேக்கிங் செக்‌ஷன் இல்ல? அவங்க எதையும் கீழ விரிச்சிட்டுத்தான் வெப்பாங்க" என்றாள்.

நான் அதை அப்படியே நம்பினேன். எங்கள் வீட்டுப் படியே ஏறியிராத மனிதருக்கு எங்கள் தரையின் குணம் யார் சொல்லித் தெரிந்தது என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. போர்வையின் அடிப்பக்கத்தில் அப்பாவின் ஷேடு எவ்வளவு சீராக ஏறியிருந்தது என்றுதான் வியந்துகொண்டிருந்தேன். சித்தி அதைத் துவைக்கவே போடாமல் தன் பெட்டியில் வைத்துக்கொண்டதையும் சோம்பேறித்தனம் என்றே நினைத்தேன்.