நூறு வீட்டுப் பூட்டு

என் மகள் மாதம் நிறையாமல் பிறந்தவள். பிறந்த கையோடு அவளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். அந்த வார்டுக்குள் போவதென்றால் காப்பு, மோதிரம், மணிக்கூடு எல்லாவற்றையும் கழற்றிவிட்டு முழங்கை வரைக்கும் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும். தாலிக்கொடியை மட்டும் சட்டைக்குள் தள்ளிக்கொண்டேன். அதையும் கழற்றச் சொல்லியிருந்தால் அந்த நர்ஸோடு சண்டைக்கே போயிருப்பேன். அந்த நாட்களில் எனக்கு எல்லோர் மேலும் கோபம். சுகமாகப் பிள்ளை பெற்றுப் பலூனும் கையுமாகக் கார் பார்க்கில் நிற்கிறவர்களைக் கண்டால் இன்னும் கூடக் கோபம்.

எங்களுக்குப் பக்கத்துப் பெட்டியில் ஒரு சீனப் பெண்ணின் மகன் இருந்தான். அவள் சீனாவின் வடக்கே எங்கோ பிறந்து, இங்கே லண்டனில் ஒரு கல்லூரியில் கணிதம் படிப்பிக்கிறவள். முதல் நாளே அவளை நான் கவனித்தது அவளுடைய இடது கையில் கிடந்த பச்சைக்கல் காப்பினால்தான். முழுக்க ஒரே கல்லில் கடைந்தது, பூட்டோ திருகாணியோ கிடையாது. இளவயதில் போட்டது, இப்போது கை பெருத்து இறுகிப்போயிருந்தது. கை கழுவும் தொட்டியடியில் நின்று சவர்க்காரத்தைப் பூசிப் பூசி அதை இழுத்தாள். கழன்றபோது கை சிவந்து வீங்கியிருந்தது.

அந்தக் கல் போடப்போட நிறம் கொள்ளுமாம். போட்டிருக்கிறவளின் உடம்பை அது அறியுமாம். ஒருநாள் உடைந்தால், அவளுக்கு வரவிருந்த கெடுதியைத் தான் வாங்கிக்கொண்டு உடைந்தது என்று அர்த்தமாம். நான் வளர்ந்த வீட்டில் காப்பு உடைந்தால் அம்மா அன்று முழுக்கச் சாப்பிட மாட்டா. இவர்கள் அதற்கு நன்றி சொல்கிறார்கள். நகை என்றால் எத்தனை பவுன் என்று மட்டும் கேட்டு வளர்ந்த எனக்கு அது பெரிய புதினமாக இருந்தது.

நாங்கள் பேசிக்கொண்டது இங்கிலீஷில். ஆனால் என் நினைவில் அவள் எப்போதும் தமிழில்தான் பேசுகிறாள், அதனால் அப்படியே எழுதுகிறேன்.

ஒரு பின்னேரம், பெற்றோருக்கென்று விட்டிருந்த சின்ன அறையில் நாங்கள் இருவரும் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம். அவள் தன் போனில் ஒரு படம் காட்டினாள். வெள்ளியில் ஒரு பூட்டு. கதவுக்குப் போடுகிற பூட்டு இல்லை, கழுத்தில் போடுகிற பதக்கம். முகில் மாதிரி வளைந்த விளிம்பு, உப்பிய வயிறு, கீழே சின்னச் சின்ன மணிகள். சின்ன வயதில் அவள் போட்டிருந்ததாம்.

"இந்தப் பழம் நீண்ட ஆயுளுக்கு. இந்த மீன், வீட்டிலை ஒண்டுக்கும் குறைவு வரக்கூடாதெண்டு. இது வௌவால்."

"வௌவாலோ! பிள்ளையின்ரை கழுத்திலையோ?"

"எங்களுக்கு அது அதிர்ஷ்டம்."

"எங்கடை ஆக்கள் வீட்டுக்குள்ளை ஒண்டு வந்தாலே விளக்குமாறோடை துரத்துவினம்" என்றேன். அந்த வார்டுக்கு வந்தபின் அவள் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

பிறகு பூட்டு எதற்கு என்று சொன்னாள். பிறந்த பிள்ளையின் உயிர் இந்த உலகத்தில் இன்னும் சரியாக ஊன்றவில்லை. எந்த நேரமும் திரும்பிப் போய்விடலாம். அதனால் கழுத்தில் ஒரு பூட்டைப் போட்டு, உயிரை இங்கே பூட்டி வைப்பது. அதிலும் பெரியது நூறு வீட்டுப் பூட்டு. பெற்றவர்கள் சில அரிசி மணிகளையும் கொஞ்சம் தேயிலையையும் சிவப்புத் தாளில் மடித்து வீடு வீடாகக் கொடுப்பார்கள். வாங்கிக்கொள்கிற வீடு ஒரு நாணயம் தரும். அப்படிச் சேர்ந்த காசில் செய்கிற பூட்டு அது. ஒரு வீடு தனியாகப் பிடித்து வைக்க முடியாத பிள்ளையை நூறு வீடு சேர்ந்து பிடிக்கும்.

என் கைப்பைக்குள்ளும், மச்சாள் என் மகளுக்கென்று செய்து தந்த பவுன் பஞ்சாயுதம் கிடந்தது. சங்கு, சக்கரம் என்று ஐந்து ஆயுதங்களைக் கோத்துப் பிள்ளையைக் காவல்காக்க விடுகிறவர்கள் நாங்கள். ஆனால் முன்பின் தெரியாத நூறு வீடுகளைக் காவலுக்குக் கூப்பிடலாம் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லையே என்று நினைத்தேன்.

"கணக்குப் படிப்பிக்கிற நீங்கள் உதை நம்புறியளோ?" என்று கேட்டேன்.

"அது வெறும் வெள்ளியெண்டு எனக்குத் தெரியும்" என்றாள். "மகனுக்குக் குடலிலை ஒப்பரேஷன் செய்ய வேணுமாம். தப்புவானோ எண்டு கேட்டால் டொக்டர் நிலத்தைப் பாக்கிறார்."

அதற்குப் பிறகு நான் பகிடி பண்ணவில்லை.

அடுத்த நாளிலிருந்து அவளும் புருஷனும் சிவப்புப் பொட்டலங்களோடு திரிந்தார்கள். வார்டு துப்புரவாக்குகிற கானா நாட்டுக்காரர் ஒரு நாணயம் கொடுத்தார். நிலத்தைப் பார்த்த டொக்டரும் கொடுத்தார். லண்டனில் இப்போது ஒருவரிடமும் சில்லறை இல்லை, எல்லாம் கார்ட்தான். ஆட்கள் கார் ஆசனத்துக்கு அடியில் துழாவி எடுத்து வந்து கொடுத்தார்கள். எங்கள் முறை வந்தபோது வெள்ளிக்கிழமை பொழுதுபட்டுவிட்டது.

"இஞ்சரும், விளக்கு வைச்ச நேரம் கையாலை காசு குடுக்கிறேல்லை" என்றார் என் கணவர். "விடியக் குடுப்பம்."

விடிய, வீட்டிலிருந்து ட்ராம் பிடித்து வந்து முதல் வேலையாகக் கொடுத்தோம்.

மூன்றாவது பெட்டிக்காரி ஓர் ஆங்கிலேயப் பெண், அந்த ட்ராம்களில் ஒன்றை ஓட்டுகிறவள். புருஷன் என்று யாரும் வந்து நாங்கள் பார்க்கவில்லை. அவளும் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, "இப்ப கையிலை ஒண்டும் இல்லை, நாளைக்குத் தாறன்" என்றிருந்தாள். மறுநாள் நாங்கள் போனபோது மூன்றாவது பெட்டி துடைத்து வெறுமையாக இருந்தது. அவளுடைய மகன் இரவே போய்விட்டான்.

சீனப் பெண் என்னைப் பெற்றோர் அறைக்குள் இழுத்துக்கொண்டு போய்க் கேட்டாள்.

"ஊரிலையிருந்து அம்மா சொல்லுறா, காசு, குறையில்லாமல் நிறைஞ்ச வீட்டிலையிருந்துதான் வரவேணுமாம். பிள்ளையைப் பறிகுடுத்த வீட்டுக் காசு கூடாதாம். நான் என்ன செய்ய?"

எங்களுக்கும் அதுதானே வழக்கம். ஆராத்தி எடுக்கக் கூப்பிடுகிறபோது யார் முன்னுக்கு வருவது, யார் தானாகப் பின்னுக்கு ஒதுங்குவது என்று ஒருவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, எல்லோருக்கும் தெரியும்.

"அவ இனி வரமாட்டா" என்றேன். "நீங்கள் கேக்காமல் விடுங்கோ."

ஒரு கிழமை கழித்து ட்ராம் ஓட்டுகிறவள் வந்தாள். அன்று காலைதான் சீனப் பெண்ணின் மகனுக்கு ஒப்பரேஷன் முடிந்திருந்தது. கண் திறக்கவில்லை, எத்தனையோ குழாய்கள். தாயும் நானும் வார்டு வாசலில் நின்றோம். ட்ராம் கம்பனி ஜாக்கெட்டோடு அவள் நேரே எங்களிடம் வந்து உள்ளங்கையை விரித்தாள். ஒரு பவுண்ட் நாணயம்.

"சொன்னனான்தானே" என்றாள். "நீங்கள் தந்த பொட்டலத்தை மகனோடையே வைச்சு அனுப்பீட்டன். வாங்கினதுக்குக் காசு தராமல் விடேலாது." பிறகு குரல் இறங்கிப்போய்க் கேட்டாள். "என்ரை வீடும் ஒரு வீடுதானே?"

சீனப் பெண் வார்டுக் கதவைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு இருந்த பயம் எனக்கும் இருந்தது. உள்ளே அவளுடைய பிள்ளை மட்டுமா, என்னுடையதும்தான் கிடந்தது. வாங்காதே என்று ஒரு மனம் கத்தியது. வாங்காவிட்டால் இந்தப் பெண் இதிலேயே செத்துவிடுவாள் என்று இன்னொரு மனம்.

சீனப் பெண் இரண்டு கைகளையும் நீட்டினாள். தலையைத் தாழ்த்தி, கோயிலில் வாங்குவது போல அந்த நாணயத்தை வாங்கினாள்.

அந்தப் பெண் போனபின் கேட்டேன், "பயமில்லையோ?"

"பயம்தான். ஆனா அவவை விட்டிட்டு நூறு எண்டு சொன்னால் அது பொய்க்கணக்கு."

அன்று இரவு, நடந்ததைக் கேட்ட என் கணவரும் நித்திரை கொள்ளவில்லை, நானும் கொள்ளவில்லை.

பையன் கண் திறந்தான். பூட்டினால் என்று நான் சொல்ல வரவில்லை, அப்போது பூட்டே செய்யப்பட்டிருக்கவில்லை. சேர்ந்த சில்லறையோடு மேலதிகமாகத் தங்கள் காசையும் போட்டு வெள்ளி வாங்கி, ஒரு தட்டானிடம் கொடுத்துச் செய்வித்தார்கள். மரங்கள் துளிர்க்கத் தொடங்கியபோது இரண்டு பிள்ளைகளையும் ஒரே நாளில் வீட்டுக்கு விட்டார்கள். அன்று பெற்றோர் அறையில் அந்தப் பூட்டை முதன்முதலாகக் கையில் வாங்கிப் பார்த்தேன். என் உள்ளங்கையை விடச் சின்னது. வௌவாலும் மீனும் முகிலும் அதில் இருந்தன. அந்தக் கானாக்காரரும் டொக்டரும் நாங்களும் இதற்குள் இருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டே அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இவ்வளவு பெரிய நகையை நான் என் வாழ்க்கையில் தொட்டதில்லை.

சீனப் பெண் ட்ராம் ஓட்டுகிறவளையும் வரச்சொல்லியிருந்தாள். பூட்டை முதலில் போட்டுவிடுகிறவர் எல்லா அதிர்ஷ்டமும் நிறைந்தவராக இருக்க வேண்டும் என்று என்னிடம் முன்பு சொன்னதும் அவள்தான். இப்போது அவளே பூட்டை எடுத்து அந்தப் பெண்ணிடம் நீட்டினாள்.

"நீங்கள் போட்டுவிடுங்கோ."

"நானோ?"

"ஓம். நீங்கள்தான்."

அந்தப் பெண் பிள்ளையின் தலைக்கு மேலால் சங்கிலியை மெல்ல இறக்கினாள். மணிகள் சத்தமிட்டன. பையன் சத்தம் வந்த பக்கம் கண்ணைத் திருப்பினான். அவள் கையை எடுக்கவில்லை. தன் பிள்ளைக்கு ஒரு சட்டை போட்டுப் பார்க்கவும் கொடுத்துவைக்காத கைகள் அவை. பூட்டின் மேல் இருந்த கை பிறகு பிள்ளையின் நெஞ்சில் இருந்தது. அவள் அழுதாள், நாங்கள் எல்லோரும் அழுதோம்.

என்ன நினைத்தேன் என்று தெரியாது. என் மகளைத் தூக்கி அவளிடம் நீட்டினேன். என் கணவர் கையைப் பிடித்து என்னைத் தடுப்பார் என்றுதான் எதிர்பார்த்தேன். அவர் குனிந்து மகளின் கம்பளித் தொப்பியைச் சரிசெய்துவிட்டு அந்தப் பெண்ணைப் பார்த்தார்.

"தலையைப் பிடிச்சுக்கொள்ளுங்கோ" என்று மட்டும் சொன்னார்.