பால்பாண்டிக்குக் கீழே ஒரு பெயர்

வாருங்கள், தோழர்களே! ஒரு பெண்ணை வேலைக்கு அழைத்து, வீட்டுக்குத் திருப்பி அனுப்பாமல், அப்படியொருத்தி இருந்ததே இல்லையென்று சாதிக்கும் அநீதிக்குச் சாட்சியாக வாருங்கள். பேயும் பிசாசும் பொய்யென்று மேடைதோறும் முழங்கியவன் நான். ஆயினும் இவ்வாண்டு, 1989 ஐப்பசியில், திருப்பரங்குன்றம் சாலையில் ஒரு நூற்பாலைக்குள் நான் கண்டது உண்மை.

அங்கே வேலைக்குப் போன ராமக்காள் திரும்பவில்லை. "அந்தப் பெயரில் இங்கே எவருமில்லை" என்றது நிர்வாகம். தொழிலாளர் பெயர்களைக் கணினியில் பழைய கோப்பிலிருந்து புதிய கோப்புக்கு நகலெடுக்கும் நாளில், தொழிற்சங்கத்தின் சாட்சியாக நானும், அவள் கணவன் அழகுமலையும் போய் அமர்ந்தோம்.

ஆலைக்குக் கணினி நிரல் எழுதிய வெள்ளைத்துரை விளக்கினான். "சி பிளஸ் பிளஸ்ங்கிற கம்ப்யூட்டர் மொழிண்ணே. இதுல ஒவ்வொரு ஆளும் ஒரு ஆப்ஜெக்ட்டு. சாமான் மாதிரி."

"முதலாளிக்கேத்த மொழிதான்" என்றேன். சிரித்தான்.

பழைய கோப்பைத் திரையில் ஓடவிட்டான். கடைசிப் பெயர் பால்பாண்டி. ராமக்காள் இல்லை. அழகுமலை தலைகுனிந்தான்.

நகல் தொடங்கியது.

"கடைசிப் பேரு ரெண்டு தடவை விழுகும்ணே. கோப்பு முடிஞ்சது புரோகிராமுக்கு லேட்டாத்தான் தெரியும். கடைசியாப் படிச்சு உள்ள கிடக்குற ஆளையே மறுக்கா எழுதிரும். எல்லாருக்கும் வர்ற தப்பு. பெறகு திருத்திக்கிரலாம்."

மாலை ஆறேகால். வெளியே மழை.

நகல் முடிந்தது. பால்பாண்டி. அதன் கீழே மீண்டும் பால்பாண்டி இல்லை…

ராமக்காள். உள்ளே. வடக்குக் கிடங்கு.

"யார்றா எழுதுனது?"

"நான் இல்லண்ணே… சத்தியமா."

பிழையைத் திருத்தினான். இனி ஒரு பெயரும் மிகாது என்றான். மறுபடி நகல்.

பால்பாண்டி.

ராமக்காள். உள்ளே.

கோப்பு இருந்த பிளாப்பித் தட்டை உருவினான். கருவி நிற்கவில்லை.

கர்… கர்… கர்…

நகம் இரும்பைச் சுரண்டும் ஓசை.

அழகுமலை திரைமேல் கைவைத்தான்.

"ஏ புள்ள… இந்தா வாரேன்."

ஓசை நின்றது.

மறுநாள் வெள்ளைத்துரை என்னைத் தேடி வந்தான். "அண்ணே, என் புரோகிராம்ல நம்பரும் பேரும் மட்டுந்தான். 'உள்ளே'ன்னு எழுத அதுல எடமே கிடையாது."

வாயிற்காவலரிடம் விசாரித்தோம். ராமக்காள் காணாமற்போன அன்று பூட்டிய வடக்குக் கிடங்கை இன்றுவரை எவரும் திறக்கவில்லையாம்.

நிர்வாகம் சாவி தர மறுக்கிறது. அழகுமலை வாயிலிலேயே அமர்ந்திருக்கிறான்.

நீங்கள் பேயை நம்பவேண்டாம். பூட்டை நம்புங்கள். திங்கட்கிழமை காலை ஆலை வாயிலில் திரளுங்கள். அந்தக் கதவைத் திறக்கச் செய்யுங்கள்!