பின்கதவைப் பார்த்தியா?

அவளுக்குப் புயல் என்று பெயர் வைத்தது அவளுடைய அக்கா. கோபக்காரி என்பதற்காக இல்லை. வேலை என்று உட்கார்ந்துவிட்டால் சோறு தண்ணி மறந்து இரண்டு மூன்று நாள் அடித்து நொறுக்குவாள். அதன்பிறகு ஒரு வாரம் போனைக் கவிழ்த்துப் போட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். "என்னடி, புயல் கரையைக் கடந்துடுச்சா?" என்று அக்கா கூப்பிட்டுக் கேட்பாள்.

பள்ளிக்கூடம் முடித்ததோடு படிப்புக்கு ஒரு கும்பிடு போட்டவள் அவள். கடைகளுக்கு இணையத்தில் விளம்பரம் செய்து கொடுக்கும் வேலையை வீடியோ பார்த்தே கற்றுக்கொண்டாள். டிஜிட்டல் மார்க்கெட்டிங் என்றால் அக்கா வீட்டுக்காரர் தலையைச் சொறிவார். "அதெல்லாம் சரிம்மா, ஆபீஸ் எங்க?" ஆபீஸ் என்று எதுவும் இல்லை. வாடகைக்கு ஒரு மாடி அறை, ஜன்னலை ஒட்டி ஒரு மேசை, திரை நிற்காமல் பின்னால் சாயும் ஒரு லேப்டாப். தொழில் மொத்தமும் அதற்குள்தான் இருந்தது.

முதல் வருடம் முடிவதற்குள் நாலு கடைக்காரர்கள் வந்தார்கள், மூன்று பேர் போய்விட்டார்கள். அவள் வேலையில் யாரும் குறை சொல்லவில்லை. "நல்லாத்தான் பண்றீங்க. ஆனா எப்போ பண்ணுவீங்கன்னுதான் தெரியல" என்றார்கள். மிஞ்சியவர் பூட்டுக்கடைக்காரர் ஒருவர். பின்தெருவில் தூங்குகிறவர்கள் தலைமாட்டிலேயே நுழைந்து இரண்டு வீட்டில் திருடியிருந்தார்கள். ஊரே பூட்டு வாங்கிக்கொண்டிருந்த நேரம் அது. அவரையும் விட்டுவிட்டால் அவள் அத்தான் குடோனில் மூட்டை எண்ணப் போக வேண்டும். அக்காவோடு பேசி வைத்த பேச்சு. சரி என்று வாயால் சொல்லிவிட்டாள். மனசு மட்டும் சரி என்று சொல்லவில்லை.

கீழ்வீட்டில் வீட்டுக்காரம்மா தனியாக இருந்தார். அறுபதைத் தொடும் வயது. அவர் கணவர் இறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அவர் இருந்தவரை, வெளிச்சம் மங்குகிற நேரத்தில் தினமும் கீழேயிருந்து ஒரு குரல் தரையைத் துளைத்துக்கொண்டு மேலே வரும்.

"பின்கதவைப் பார்த்தியா?"

"பார்த்துட்டேன்ங்க."

அவ்வளவுதான். வேறு என்ன பேசிக்கொண்டார்களோ, மாடிக்கு வந்தது அந்த இரண்டு வார்த்தைதான். அவர் போனபிறகு அந்த நேரத்தில் ஒரு குழி விழுந்த மாதிரி இருந்தது. புயலுக்கே அது பழகக் கொஞ்ச நாள் பிடித்தது.

பூட்டுக்கடை வேலை வந்த புதிதில், தெருவை மட்டும் குறிவைத்து ஒரு விளம்பரம் ஓட்டினால் எப்படி இருக்கும் என்று அவள் சோதனை செய்து பார்த்தாள். கடையின் இணையப் பக்கத்தில் விஷப்பரீட்சை வேண்டாம் என்று தனியாக ஒரு பக்கம் திறந்தாள். அதற்கு ஏதாவது பெயர் வேண்டுமே, 'வீடு' என்று போட்டாள். பின்தொடர ஆள் வேண்டுமே, கீழே ஓடிப்போய் வீட்டுக்காரம்மாவின் போனை வாங்கித் தானே ஒரு தட்டு தட்டினாள். "என்னம்மா பண்றே?" "ஒண்ணுமில்ல ஆன்ட்டி, என் வேலைக்கு ஒரு சின்ன உதவி." படத்துக்கு ஒரு கதவு வேண்டும். சந்துப்பக்கம் போய், மங்கிய வெளிச்சத்தில், கீழ்வீட்டுப் பின்கதவையே வெளியில் நின்று ஒரு படம் எடுத்தாள். மேலே ஒரு வரி வேண்டும். கைக்கு முதலில் வந்ததை அடித்தாள்.

பின்கதவைப் பார்த்தியா?

விளம்பரம் அவள் போனுக்கு வரவில்லை. இந்தத் தெருவில் உள்ளவர்களுக்கு, அதிலும் அந்தப் பக்கத்தைப் பின்தொடரும் ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும் என்று அவளே போட்டிருந்தது அவளுக்கு மறந்துபோனது. ஓடவில்லை போல, நாளைக்கு அழித்துக்கொள்ளலாம் என்று லேப்டாப்பை மூடினாள். மறுநாள் புயல் கரையைக் கடந்துவிட்டது.

கீழேயிருந்து அந்தச் சத்தம் வர ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். இரும்புத் தாழ்ப்பாளை இழுக்கும் சத்தம். கடக். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கடக். காலையில் கேட்கும், மத்தியானம் கேட்கும், வெளிச்சம் மங்கும்போது அடிக்கடி கேட்கும். வயசானவங்க, பயம் இருக்கத்தானே செய்யும் என்று அவள் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஒருநாள் மாடிப்படியில் வீட்டுக்காரம்மா அவளை நிறுத்தினார்.

"ஏம்மா, உன் ரூமுக்கு ஆம்பளைங்க யாராவது வந்தாங்களா?"

"ஐயோ ஆன்ட்டி! அக்காவுக்குத் தெரிஞ்சா தோலை உரிச்சிடுவா."

"அதுக்குக் கேக்கலம்மா. குரல் ஏதாவது உன் காதுல விழுந்துச்சான்னு கேட்டேன்."

"என்ன குரல்?"

வீட்டுக்காரம்மா போனை முந்தானைக்குள் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்.

இன்னொரு நாள் துணி காயப்போடச் சந்துப்பக்கம் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். பின்கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே, வாசற்படியை ஒட்டி, ஒரு ஜோடி ஆண் செருப்பு. துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தது. நுனி இரண்டும் வீட்டுக்குள் பார்த்திருந்தன. வந்தவர் அப்போதுதான் கழற்றிவிட்டு உள்ளே போனதுபோல.

அதற்குப் பிறகு வெளிச்சம் மங்கும்போது தாழ்ப்பாள் சத்தம் கேட்பது நின்றுபோனது. அதுதான் அவளுக்கு இன்னும் என்னவோ போல இருந்தது.

மாதம் முடியப் போகிறது, வந்து கணக்குக் காட்டு என்று பூட்டுக்கடைக்காரர் கூப்பிட்டார். "தங்கச்சி, நீ உயிரோடதான் இருக்கியா? இல்ல, பதில் சொல்றது மிஷினா?" வெளியே மழை பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானம் அவள் லேப்டாப்பைத் திறந்தாள். எத்தனை நாளுக்குப் பிறகு என்று அவளுக்கே கணக்கு இல்லை. கடையின் விளம்பரங்கள் வரிசையாக இருந்தன. எல்லாவற்றுக்கும் அடியில், பச்சைப் புள்ளியோடு, இன்னும் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது.

வீடு. சென்றடைந்தவர்கள்: ஒருவர்.

ஒரே ஒரு ஆள். அந்த ஆளுக்கு அந்தக் கதவு நூற்றுக்கணக்கான தடவை காட்டப்பட்டிருந்தது. தொந்தரவு என்று அறிவிப்புகளை மொத்தமாக அணைத்து வைத்திருந்ததால், அந்த விளம்பரத்துக்குக் கீழே பதில் வந்திருந்ததே அவளுக்குத் தெரியாது. பூப்படம் போட்ட ஒரு கணக்கு. பெயர்: 'அம்மா புது போன்'. பிள்ளைகள் யாரோ அவசரத்தில் வைத்துக் கொடுத்த பெயர்.

பார்த்துட்டேன்ங்க.

சாத்தித்தான் இருக்கு.

நேத்தும் பார்த்தேனே.

ஏன் கேட்டுக்கிட்டே இருக்கீங்க?

அது நம்ம கதவுதானே. வெளியில நிக்கிறீங்களா?

திறந்து வச்சிருக்கேன்.

கீழே ஒரு நாற்காலி நகர்ந்தது. மெல்லிய காலடி பின்பக்கம் போனது, நின்றது, திரும்பி வந்தது. திரையில் ஒரு வரி புதிதாக ஏறியது.

மழை பெய்யுதுங்க. நனையாம உள்ள வாங்க.

அவள் பச்சைப் புள்ளியை அணைத்தாள். விளம்பரத்தை அழித்தாள். பக்கத்தையே அழிக்கப் போனவள் நிறுத்திக்கொண்டாள். அழித்துவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியாது, பூட்டுக்கடையும் கையில் இருக்கும். ஆனால் கேட்டுக்கொண்டே இருந்தவர் திடீரென்று கேட்பதை நிறுத்திவிட்டால், அந்த அம்மா இன்றைக்கு ராத்திரி கதவைச் சாத்தவா போகிறார்? இன்னும் அகலமாகத் திறந்து வைப்பார். பின்தெருவில் திருடினவன் இன்னும் பிடிபடவில்லை. அவள் லேப்டாப்பை அப்படியே தூக்கிக்கொண்டு கீழே போனாள்.

வீட்டுக்காரம்மா பின்கதவைப் பார்த்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தலை வாரி, நல்ல புடவை கட்டியிருந்தார். சாரல் உள்ளே அடித்துத் தரையெல்லாம் ஈரம். செருப்பு மட்டும் நனையாத இடமாகப் பார்த்து நகர்த்தி வைத்திருந்தது.

"ஆன்ட்டி, அது அங்கிள் இல்ல. நான்தான்."

"எது?"

அவள் திரையைக் காட்டினாள். எப்படிச் செய்தாள், எப்படி மறந்தாள் என்று எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லச் சொல்ல அந்த அம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"படம்?"

"நான் எடுத்தது. அதோ, அங்க நின்னு."

"எழுத்து?"

"நான் எழுதினது."

"அந்த வார்த்தை?"

"அது அங்கிளோடது. தினமும் மேல கேக்கும்."

வீட்டுக்காரம்மா முதல்முறையாக அவள் பக்கம் திரும்பினார். "மேல கேக்குற அளவுக்கா கத்தினார் அந்த மனுஷன்?"

"செவுத்துக்கே கேக்கும் ஆன்ட்டி."

வாய் ஓரத்தில் ஒரு சிரிப்பு வந்து போனது. "அப்போ இனிமே வராதா?"

"வராது."

பிறகு அவர் எழுந்து செருப்பை எடுத்து அலமாரிக்குள் வைத்தார். கதவைச் சாத்தினார். கடக்.

"சரி, இதைச் சொல்லு" என்றார், தாழ்ப்பாளிலிருந்து கையை எடுக்காமல். "ஒரு வாரமா ராத்திரி திறந்து வச்சிட்டுத்தான் படுக்கிறேன். காலையில பார்த்தா உள்பக்கம் தாழ் போட்டிருக்கு. அதையும் நீதான் பண்ணியா?"

"நான் எப்படி ஆன்ட்டி உள்பக்கமா... தூக்கத்துல நீங்களே போட்டிருப்பீங்க. கை பழகியிருக்கும்ல."

"அப்படித்தான் இருக்கும்" என்றார் வீட்டுக்காரம்மா. இரண்டு பேருமே அந்தக் கதவைப் பார்க்கவில்லை.

மறுநாள் அவள் பூட்டுக்கடையில் போய் நின்றாள். கணக்கைக் காட்டினாள், அதற்கு அடியில் இருந்த கதையையும் ஒளிக்காமல் சொன்னாள். கடைக்காரர் கேட்டு முடித்ததும் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"உன்னைப் பூட்டு விக்கச் சொன்னா, நீ கதவைத் திறந்து வச்சிருக்கியே தங்கச்சி!"

போச்சு, குடோன்தான் என்று அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் கருவிப்பையைத் தோளில் மாட்டினார். "நட. முதல்ல அந்த அம்மா கதவைப் பார்ப்போம். திட்டறதை வழியில வச்சுக்கிறேன்." சொன்னபடியே வழி முழுக்கத் திட்டினார்.

சந்தில் பின்கதவு முன்னால் குந்தி உட்கார்ந்தவர், நிலையை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். பிறகு விரலால் தொட்டுக் காட்டினார். நிலைக்கும் கதவுக்கும் நடுவில், தாழ்ப்பாள் இருக்கும் உயரத்தில், மரம் சிராய் சிராயாகப் பெயர்ந்திருந்தது. வெள்ளை வெளேரென்று, புத்தம் புதுசாக.

"கடப்பாரை நுனி. இந்த வாரம்தான் இருக்கும். யாரோ நெம்பிப் பார்த்திருக்கான். உள்ள தாழ் போட்டிருந்ததால பொழைச்சீங்க." நிமிர்ந்து வீட்டுக்காரம்மாவைப் பார்த்தார். "திறந்து வச்சிருந்ததா இந்தப் பொண்ணு சொல்லுச்சு?"

வீட்டுக்காரம்மா அந்தச் சிராயைத் தடவிக்கொண்டே இருந்தார். "திறந்துதான் வச்சிருந்தேன்" என்றார்.

பூட்டுக்கடைக்காரர் புதுப் பூட்டு போட்டுவிட்டுப் போகும்போது ஒரே ஒரு நிபந்தனை சொன்னார். தினமும் கடை அடைக்கிற நேரத்தில், எதெல்லாம் ஓடுகிறது, எதெல்லாம் நிறுத்தியாயிற்று என்று அவள் அவருக்கு ஒரு செய்தி அனுப்ப வேண்டும். ஒருநாள் வராவிட்டாலும் அவ்வளவுதான், நீ யாரோ நான் யாரோ.

அன்றிலிருந்து அவள் வேலை செய்யும் விதம் மாறியது. ஒரே நாளில் இல்லை. முதல் கொஞ்ச நாள் பயத்தில் செய்தாள், அப்புறம் முனகிக்கொண்டே செய்தாள், பிறகு பல் தேய்ப்பது மாதிரி ஆகிவிட்டது. காலையில் உட்கார்ந்ததும் புதிதாக எதையும் தொடமாட்டாள். முந்தின நாள் வந்த பதில்களை முதலில் படிப்பாள். எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருப்பது எண்ணிக்கை இல்லை, நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் ஒரு ஆள் என்று அவளுக்கு இப்போது தெரியும். சோதனைக்கு விடுகிற எதற்கும் முடிவு நேரம் போடாமல் எழமாட்டாள். வெளிச்சம் மங்கும்போது ஓடுகிற ஒவ்வொன்றையும் திறந்து பார்ப்பாள். மூன்று நாள் வெறியும் ஒரு வாரப் படுக்கையும் போய், தினமும் கொஞ்சம் என்று ஆனது. போன கடைக்காரர்களில் ஒருவர் திரும்பி வந்தார். அவர் சொல்லி இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். அக்கா மட்டும் பெயரை மாற்றவில்லை. "கரையைக் கடக்காத புயலை எங்கடி பார்த்திருக்கு ஊரு?" என்பாள்.

வீட்டுக்காரம்மாவுக்கும் ஒரு பழக்கம் வந்தது. பொழுது சாய்கிற நேரத்தில் கீழேயிருந்து குரல் கொடுப்பார். "ஏம்மா, எல்லாத்தையும் பார்த்தியா?" மேலேயிருந்து இவள், "பார்த்துட்டேன் ஆன்ட்டி!" சுவரே அதிரும்படி இரண்டு பேரும் கத்துவார்கள்.

சில வருடம் கழித்து, முழங்கால் வலி அதிகமாகி, வீட்டுக்காரம்மா மகளோடு இருக்கப் போய்விட்டார். கீழ்வீடு பூட்டிக் கிடந்தது. சாவியைப் புயலிடம்தான் கொடுத்திருந்தார். பக்கத்து அறையையும் வாடகைக்கு எடுத்து, வேலைக்கு இரண்டு பேரைச் சேர்த்திருந்தாள் அவள். அப்போதும் மாடியை விட்டுப் போகவில்லை.

ஒருநாள் அவளுக்குக் காய்ச்சல். உடம்பு அடித்துப் போட்டமாதிரி இருந்தது. கூட வேலை செய்பவர்கள் கிளம்பிவிட்டார்கள். ஜன்னலில் வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. ஒருநாள்தானே, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று லேப்டாப்பை மூடிவிட்டுப் படுக்கப் போனாள்.

கீழே, பூட்டிய வீட்டுக்குள், கடக்.

சாவி அவள் மேசை இழுப்பறையில்தான் இருந்தது. தொட்டுப் பார்த்துக்கொண்டாள். கீழே போய்ப் பார்க்கவில்லை. திரும்பி வந்து லேப்டாப்பைத் திறந்தாள். வரிசையின் அடியில், காலையில் காய்ச்சல் மயக்கத்தில் அவள் சோதனைக்கு விட்ட ஒன்று, முடிவு நேரம் இல்லாமல், பச்சைப் புள்ளியோடு ஓடிக்கொண்டிருந்தது.

அணைத்தாள். பூட்டுக்கடைக்காரருக்குச் செய்தியை அனுப்பினாள். பிறகு தரையைப் பார்த்து, கத்தாமல், சாதாரணக் குரலில் சொன்னாள்.

"பார்த்துட்டேன்ங்க."